பாலிமர் கிளே நகை: யார்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?

தாம்பரம் ஜிமிக்கி

2012-ல, என்னோட 46-வது வயசுல இந்தக் களிமண்ணைக் கையில எடுத்தேன். வகுப்புக்குப் போனது ஒரே ஒரு நாள். மிச்சத்தை எல்லாம் சொல்லிக்கொடுத்தவங்க கிளேயைத் தொட்டுக்கூடப் பாக்காதவங்க. அவங்களைப் பத்தி எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல் ஆள் எங்க தெருமுனை பத்தர். ஒரு ஜோடி கம்மல் பண்ணிட்டு, ஜம்ப் ரிங் (கம்மல் துண்டுகளைக் கோக்கிற சின்னக் கம்பி வளையம்) மாட்டத் தெரியாம அவர் பட்டறைக்குப் போனேன். வளையத்தோட ரெண்டு முனையையும் பிளையரால அகட்டிப் பிடிச்சிருந்தேன். அவர் அதைப் பாத்ததும், "அப்படி அகட்டாதீங்கம்மா, அப்புறம் வட்டமே வராது"ன்னு வாங்கிக்கிட்டார். ரெண்டு கையிலயும் ஒவ்வொரு குறடு. ஒரு முனை தன் பக்கமா வந்தது, இன்னொண்ணு அந்தப் பக்கமாப் போச்சு. கதவு திறக்கிற மாதிரி. மாட்டினதும் அதே வழியில திருப்பி, கொஞ்சம் தாண்டிப் போயி, திரும்பி வந்தார். முனை ரெண்டும் உரசி ஒரு 'டிக்' கேட்டுச்சு. "அந்தச் சத்தம் வரணும். வரலைன்னா துப்பட்டா நூல் உள்ள நுழைஞ்சுடும்." காசு வாங்கலை. இன்னிக்கும் அந்த 'டிக்' கேக்காம நான் எந்தக் கம்மலையும் டப்பாவில வைக்கிறதில்ல.

ரெண்டாவது ஒரு வாடிக்கையாளர். நவராத்திரிக்கு என்கிட்ட ஜிமிக்கி வாங்கினவங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதை நாலு துண்டா ஒரு கவர்ல போட்டுக் கொண்டு வந்தாங்க. சண்டை போடலை, பணமும் கேக்கலை. "ஏங்க உடைஞ்சது? கீழகூட விழலையே"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. சண்டை போட்டிருந்தாக்கூட மறந்திருப்பேன், அந்தக் கேள்விதான் தூங்க விடலை. மறுநாள் பாரிமுனை போய் ஓவன்ல வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். கிளேயை வேகவைக்கிற ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்) குமிழை 130 டிகிரியில வச்சா உள்ள 105 காட்டுது! அத்தனை நாளும் நான் வித்ததெல்லாம் பாதி வெந்த சரக்கு.

இது பேருக்குத்தான் களிமண், உண்மையில பிவிசி பொடி. அதை இளக்கமா வச்சிருக்க ஒரு எண்ணெய் மாதிரிப் பொருள் கலந்திருக்கும். சூட்டுல அந்தப் பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உருகிச் சேந்தாதான் பலம். சூடு பத்தலைன்னா வெளியில பாக்க கெட்டியாத்தான் இருக்கும், உள்ள சேந்திருக்காது. அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் மெல்லிசா ஒரு பட்டை சேத்து வேகவச்சு, ஆறினதும் வளைச்சுப் பாக்கறேன். வளைஞ்சா சரி, படக்குனு ஒடிஞ்சா திரும்ப ஓவனுக்குள்ள. சூடும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஃபிமோவுக்கு 110 டிகிரியில அரை மணி நேரம். நான் இப்ப வாங்கற இன்னொண்ணுக்கு 130. பாக்கெட்டைப் படிக்காம எங்கூட மல்லுக்கு நிக்காதீங்க.

மூணாவது எங்க மாமியார். ஒருநாள் சூடு எகிறிப்போய் வெள்ளைப் பூவெல்லாம் காப்பிக் கலர்ல வந்து, வீடு முழுக்க மூக்கைக் குத்தற நெடி. "என்னடி, பிளாஸ்டிக் கொளுத்துறியா?"ன்னு ஹால்லேர்ந்து குரல். கொளுத்தினதே பிளாஸ்டிக்தானே அத்தை! பிவிசி கருகினா வர்ற புகை நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துபோட்டு எல்லாரும் மொட்டை மாடியில போய் நின்னோம். அன்னிக்கே சட்டம் போட்டாங்க: கிளே தொட்ட பாத்திரம் சமையலறைக்குள்ள திரும்ப வரக்கூடாது. ஓடிஜி, சப்பாத்திக் கட்டை, முறுக்கு அச்சு மூணும் என் பேருக்கு எழுதிக்கொடுத்தாச்சு. சத்தியமா நல்ல சட்டம்.

உங்க கதையைச் சொல்லுங்க.

வைகைக்கரை

அக்கா, அந்தத் தெர்மாமீட்டர் கதையைப் படிச்சதும் நேத்து நானும் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன்.

நான் 2020 ஊரடங்குல டெரகோட்டாவுல ஆரம்பிச்சவ. காயவச்சு, சுட்டு, பெயின்ட் அடிச்சு முடிக்க நாள்கணக்காகும், கடைசியில தரையில ஒரு தடவை விழுந்தா போச்சு. அதான் இதுக்கு வந்தேன். வந்தா இது வேற கொடுமை. வெள்ளைக் கிளேயும் கறுப்பு நைட்டியும் ஒரே அறையில இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே! எங்கேர்ந்துதான் அவ்வளவு பிசிறு வந்து ஒட்டுச்சோ. இப்ப வெள்ளைதான் முதல்ல பிசையறது, கறுப்பும் சிவப்பும் கடைசி. நடுவுல ஈரத் துடைப்பான்.

எனக்குக் கத்துக்கொடுத்தது எங்க அம்மா நறுக்கின வாழைத்தண்டு. கேன் பண்ற முறை எனக்கு மண்டையில ஏறவே இல்லை. கண்ணாடிக்காரங்க மில்லேஃபியோரின்னு சொல்ற அதே வேலைதான்: நிறநிறமா நீளக் குச்சிகளை அடுக்கி ஒரே உருளையாக்கி, வில்லை போட்டா ஒவ்வொரு வில்லையிலயும் அதே பூ. அம்மா தண்டை நறுக்கும்போது பாத்தேன், எங்க வெட்டினாலும் உள்ள அதே வளையம். அட, இதைத்தானே வீடியோவுல முக்கால் மணி நேரமா சொன்னாங்கன்னு தோணுச்சு. உருளையை நீட்டும்போது நடுவுலேர்ந்து அமுக்கிக்கிட்டு ரெண்டு பக்கமும் போகணும், பூவும் சேந்து சின்னதாகும். முனைப்பக்கம் கோணலாப் போறதை மணிக்குள்ள வச்சு மறைச்சிடுவேன். நறுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். அவசரப்பட்டு வெட்டினா ரோஜா கத்தரிக்காய் ஆயிடும். ஆயிருக்கு.

ஒரு சந்தேகம்: மினுமினுப்புக்கு நெயில் பாலிஷ் அடிச்சேன், மூணு வாரம் ஆகியும் பிசுபிசுங்குது. ஏன்?

ஸ்காபரோ அன்ரி

பிள்ளை, நெயில் பாலிஷ் அடிக்காதேங்கோ, அதில இருக்கிற கரைப்பான் கிளேயை இளக்கிப்போடும். நானும் ஒரு மாலையை அப்பிடித்தான் பழுதாக்கினனான். தண்ணியில கரையிற வார்னிஷ் பாவியுங்கோ. இல்லாட்டி ஒண்டுமே பூசாமல் 400, 600, 1000 எண்டு நம்பர் போட்ட தண்ணித்தாளை (ஈரத்தில தேய்க்கிற உப்புத்தாள்) மாத்தி மாத்தித் தண்ணியில தேய்ச்சு, பழைய ஜீன்ஸ் துணியால மினுக்குங்கோ. எனக்கு அந்த மினுக்கம்தான் பிடிக்கும்.

உங்களுக்கு அங்க வெக்கை, எனக்கு இஞ்ச கனடாவில குளிர். ஜனவரியில நிலவறையில கிளே கல்லு மாதிரி இருக்கும், பிசைஞ்சால் உதிரும். அம்மா வந்து நிண்டவ, 74 வயசு, விரல் மூட்டில நோ. நான் படுற பாட்டைப் பாத்திட்டு, கிளேயைப் பையில சுத்தித் தன்ர மடிக்குள்ள வச்சுக்கொண்டு ரீவி பாத்தவ. நாடகம் முடியக் கிளே பதமாயிட்டுது. பிறகு கிளேயைத் தகடாக்கிற பாஸ்தா மெஷினைத் தானே சுத்தத் தொடங்கினா. இப்ப யாழ்ப்பாணத்தில இருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "இப்ப ஆர் உனக்குச் சூடாக்கித் தாறது?"

ஃபிமோ பொம்மைக்காரரிட்ட இருந்து வந்த சாமான் எண்டு தெரியுமோ? ஜேர்மனியில கேத்தே குரூஸ் எண்ட பேர்போன பொம்மைக்காரியின்ர மகள் ஃபிஃபி பாவிச்சுப் பாத்தது. 1964-இல எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கினது. அம்மாவுக்கு இதைச் சொன்னன். "ஓ, அங்கயும் மகள்தானோ" எண்டா.

தாம்பரம் ஜிமிக்கி

அன்ரி, மடிச்சூடு எனக்கு இங்க தேவையே இல்லை! மே மாசத்துல கிளே மென்னு துப்பின பபிள்கம் மாதிரி ஆயிடும். வெள்ளைத்தாள் ரெண்டுக்கு நடுவுல தட்டி ராத்திரி முழுக்க வச்சுடுவேன். காலையில தாள்ல பஜ்ஜி வச்ச மாதிரி எண்ணெய்க் கறை, கிளே சரியான பதம். ஆனா முறுக்கு அச்சுல பிழியறதுக்கு அந்த மே மாசப் பதம்தான் வேணும். மத்த நாள்ல பிழிஞ்சா தோள்பட்டை கழண்டுடும்.

ஜிமிக்கியோட குடை ரெண்டும் ஒரே அளவா எப்படி வருதுன்னு தனியா ஒருத்தர் கேட்டிருந்தாங்க. குழிக்கரண்டியோட முதுகுல கிளேயை ஒட்டவச்சு அப்படியே ஓவனுக்குள்ள வச்சுடுவேன். ஆறினதும் தானா கழண்டு வரும். முழுக்க எவர்சில்வர் கரண்டியா இருக்கணும், பிளாஸ்டிக் பிடி போட்டது ஆகாது. மாமியாருக்குத் தெரியாம எடுத்தது அது ஒண்ணுதான். சாம்பாருக்கு இன்னும் தேடிட்டிருக்காங்க.