புதுப்பிப்பு: மூடிய தொட்டியில் ஆமைக்குஞ்சு

சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமைக் குஞ்சின் ஓடு கூம்பு கூம்பாக மேடிடாமல் வளர, மேலே திறந்திருக்கும் மேசைப் பெட்டியை விட்டு, ஈரப்பதம் தங்கும் மூடிய தொட்டிக்கு மாற்றப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். "ஈரத்தில் சளி பிடிக்குமே" என்று பலர் கேட்டீர்கள்.

பிடிக்கவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் வம்பு. அதனால் இரவிலும் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. விளக்கடியில் மட்டும் 36 வரை போகும். ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் மேலே தெளிப்பதைவிட, மூலைகளில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி அடியில் ஊறவிடுவதே மேல். மேற்பரப்பு நசநசவென்று கிடந்தால் அடி ஓடு புண்ணாகிவிடும்.

இப்போது உற்றுப் பார்த்தால், ஓட்டுக் கட்டங்களுக்கு நடுவே வெளிர் நிறத்தில் மெல்லிய கோடுகள். அதுதான் புது வளர்ச்சி. மேடில்லாமல் சமமாக வருகிறது.

புரதம்தான் கூம்புக்குக் காரணம் என்று இன்னும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். சுல்காட்டா குஞ்சுகளை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், காற்றின் ஈரப்பதமே பெரிய காரணமாகத் தெரிந்தது; புரதத்தின் பங்கு சொற்பம். அதற்காகப் புரதத்தை வாரி வழங்கச் சொல்லவில்லை! புல், கீரை, கொஞ்சம் கால்சியம் தூள், அவ்வளவுதான்.

அப்புறம், குஞ்சைத் தினசரி நீரில் ஊறவைப்பது தொடர்கிறது. மேல் ஓடும் அடி ஓடும் சேரும் கோடு வரை நீர் இருந்தால் போதும்.