11 மாசக் குழந்தைக்கு முட்டை அலர்ஜி, நல்ல டாக்டர் சொல்லுங்க

வணக்கம். நாங்க குரோம்பேட்டை. பொண்ணுக்குப் பிறந்த 3ஆம் மாசத்துலேர்ந்து எக்ஸிமா, அதாவது தோல் அரிச்சுச் சிவந்துபோற நோய். முழங்கை மடிப்பு செக்கச்செவேல்னு தடிச்சுப்போய், காலையில பார்த்தா தலையணை உறையில ரத்தப்புள்ளி. போன வாரம் அவிச்ச முட்டை ஒரு வாய்தான் ஊட்டினேன், பத்து நிமிஷத்துல உதடு வீங்கிடுச்சு.

சிசேரியன்ல பிறந்தவ, முதல் வாரமே ஆன்டிபயாடிக் போட்டாங்க. ரெண்டுமே குடல்ல இருக்கற நுண்ணுயிர்களை மாத்தும், எதை எதிர்க்கணும் எதை விட்டுடணும்னு நோய் எதிர்ப்பு சக்தியைப் பழக்கறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. ஒரு கிளினிக்ல டெஸ்ட் எதுவும் எடுக்காம புரோபயாடிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் இருக்கற) சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தாங்க, 2 மாசமா ஒரு மாத்தமும் இல்ல.

அத்தை வேர்க்கடலை குடுக்கலாம்ங்கறாங்க. 2015ல வந்த லண்டன் லீப் ஆய்வும், 4லேர்ந்து 11 மாசத்துக்குள்ள குடுக்க ஆரம்பிச்சா கடலை அலர்ஜி வர்றது ரொம்பக் குறையுதுன்னுதான் சொல்லுது. ஆனா அதுல எல்லாருக்கும் முதல்ல தோல்ல குத்திப் பார்க்கற டெஸ்ட் எடுத்தாங்க. அது இல்லாம குடுக்க எனக்குப் பயம்.

தாம்பரம், கிண்டி பக்கம் ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு இந்த டெஸ்ட் பண்ற அலர்ஜி டாக்டர் யாராவது தெரியுமா? எவ்வளவு ஆகும்? உங்க குழந்தைக்கு எடுத்திருந்தா கண்டிப்பா எழுதுங்க, ப்ளீஸ்.