தோண்டுகிறவர்களோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம்: போர்வெல், குவாரி, சுரங்கம் எதுவானாலும் எழுதுங்கள்

சர்ஜாபூர்க்காரன்

போன கோடையில் நடந்தது, இன்னும் மண்டைக்குள் குடைகிறது. பக்கத்து மனைக்கு இரவு பதினோரு மணிக்குப் போர்வெல் போடும் வண்டி வந்தது. பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. 2024 மார்ச் 15-லிருந்து குடிநீர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஊருக்குள் போர் போடக்கூடாது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். சரி, கேட்டுவிடுவோம் என்று இறங்கிப் போனேன். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜென்ட் கொஞ்சமும் அசரவில்லை. வண்டி கேபினிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்து வைத்திருந்தார்!

போன் டார்ச்சில் படித்தால் வேறு ஏரியா, வேறு சர்வே நம்பர். "இது இந்த இடத்துக்கு இல்லையே" என்றேன். "பர்மிஷன் பர்மிஷன்தானே சார்" என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் மோர் மாதிரி வெள்ளையாகக் கொட்டுகிறது. எங்கள் போர் மதிலுக்கு இந்தப் பக்கம், அவர்கள் துளை அந்தப் பக்கம். அவர்கள் கம்ப்ரசர் காற்று பாறை வெடிப்பு வழியாக எங்கள் தண்ணீரைக் கலக்கிவிட்டது. புகார் சொல்லப் போன் செய்தேன். "நாளெ பன்னி" (நாளைக்கு வாங்க) என்றார்கள் கன்னடத்தில். நாளைக்குப் போய் என்ன செய்ய? வண்டி விடிவதற்குள் கிளம்பிவிட்டது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற சிவில்

என் கதை சின்னது. ஒயிட்ஃபீல்டு அருகே மைத்துனர் மனை வாங்கினார். அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபியின் முன்சக்கரம் பொசுக்கென்று இறங்கியது. கீழே மூடாமல் விட்ட பழைய போர், மேலே ஒரு கடப்பாக்கல் பலகை. யாருக்கும் அடியில்லை.

இதிலிருந்து நண்பர்களுக்குச் சில ஆலோசனைகள். மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறீர்கள், வாஸ்து பார்க்கிறீர்கள். "இந்த இடத்தில் இதுவரை எத்தனை போர் போட்டீர்கள், வறண்டது எது" என்று கேட்டவர் உண்டா? எழுதி வாங்குங்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாக எழுத்தில் தகவல் தர வேண்டும். வேலை நடக்கும்போது முள்கம்பி வேலி, அறிவிப்புப் பலகை. முடிந்ததும் கேசிங் பைப்பை (மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் குழாய்) சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமென்ட் மேடை, தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டும். போர் போடும்போது வெட்டிய சேற்றுக் குழியைக்கூட மூட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், வறண்ட போரை மழைநீர் செறிவூட்டலுக்கு மாற்றலாம் என்று பல அடுக்ககங்களில் மொட்டைமாடித் தண்ணீரை நேரே உள்ளே விடுகிறார்கள். வடிகட்டும் குழி இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போகும். கூழாங்கல், மணல் அடுக்கு கட்டாயம். எங்கள் அடுக்ககத்தில் இதற்காக ஒரு குழு அமைத்தோம், அதன் விவரத்தைத் தனியாக எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டு ரிக்

சர்ஜாபூர் சார், எல்லா வண்டியையும் ஒரே கண்ணால் பார்க்காதீங்க. பெங்களூரில் ஓடும் போர் வண்டிகளில் நிறைய எங்கள் ஊர்ப் பக்கம்தான். கடிதம் வாங்குவது மனைக்காரரும் ஏஜென்டும். வண்டிக்காரனுக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான். லேமினேட் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. நான் ராடு மாற்றும் பையனாக இருந்த காலம். ஆனேக்கல் தாண்டி ஒரு தோட்டம். 1,200 அடி வரை பாறைத்தூள் புகைதான், ஒரு சொட்டு ஈரம் இல்லை. தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் "கேசிங்கையாவது உருவிக் கொடுங்க, அடுத்த பாயின்டுக்கு ஆகும்" என்றார். கேசிங்கை உருவினால் மேல்மண் சரிந்து வாய் அகலமாகிவிடும் என்று டிரில்லர் அண்ணன் எவ்வளவோ சொன்னார். காசு கொடுக்கிறவர் பேச்சுதான் எடுபட்டது. உருவினோம். ஒரு சாக்கை விரித்து மேலே கல் வைத்தார்கள்.

நாங்கள் ராடு ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக் குழந்தை, ஐந்து வயசு இருக்கும், சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒவ்வொரு ஜல்லியாக உள்ளே போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை போல. மறுபடி போட்டது. டிரில்லர் அண்ணன் ஓடிப்போய்த் தூக்கினார். அந்தக் குழந்தைக்கு அழுகை வந்ததே தவிர பயம் இல்லை. அண்ணனுக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை, அன்றைக்கு வண்டியை வேறு ஆள் ஓட்டினார்.

மாரிகுப்பம் பெண்

நீங்கள் எல்லோரும் அடிக்கணக்கில் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். கோலார் தங்கவயல். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். பம்பை நிறுத்தியதும் சுரங்கம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே மிச்சம் இருப்பது சயனைடு மேடுகள்தான். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்தபிறகு ஒதுக்கிய மண். ஆடிக் காற்றில் அது தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வரும். சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போதுதான் நிமிர்த்துவோம்.

மனதில் நிற்பது இது. மேட்டில் மாதிரி எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் சின்ன டிரில் கருவி, முகத்தில் மாஸ்க், கண்ணாடி, உறை. அம்மா ரயில் பாதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் நின்று, "இந்த மண்ணை என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். அதில் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "இதில் இன்னும் தங்கம் இருக்கும்மா. எவ்வளவு என்று பார்க்கிறோம்." அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "எங்க நுரையீரல்லயும் இருக்கும், அதையும் பாத்துட்டுப் போங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. மாஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2024 ஜூனில் 13 மேடுகளை, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர், மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. எடுத்துவிட்டு மிச்சத்தை எங்கே கொட்டுவார்கள்?

சண்டூர் போய்வந்தவன்

@மாரிகுப்பம், உங்கள் அம்மா கேட்டது சரி. ஆனால் கோபத்தை மாநிலத்தின் மேல் மட்டும் காட்டிப் பயனில்லை. தங்கமும் இரும்பும் பெருங்கனிமம், விதியை எழுதுவது மத்திய அரசு. கிரானைட், கட்டடக்கல், மணல் போன்ற சிறுகனிமத்துக்குத்தான் 1957 சுரங்க, கனிமச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. சுரங்கம் தொடங்கும்போதே அதை எப்படி மூடுவோம் என்று திட்டம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்ற விதி வந்தது 2003-இல். உங்கள் ஊரில் கதவைச் சாத்தியது 2001-இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஜெயநகரில் ஒரு சின்னச் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். சண்டூர் இருக்கிற பல்லாரியில் 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரும்புச் சுரங்கங்களை நிறுத்தியது நினைவிருக்கும். அப்புறம் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் நிலத்தைச் சீரமைக்கும் திட்டம் போட்டு, அதைச் செய்துகாட்டினால்தான் மறுபடி வெட்டலாம் என்றது. விதிமீறல் மிக மோசமாக இருந்த 'சி' பிரிவுக் குத்தகைகள் ரத்து. நல்ல ஏற்பாடுதான், பல இடங்களில் உண்மையாகவே வேலை நடந்தது. கழிவுமண் மேட்டைப் படிப்படியாகச் சரித்து, தென்னைநார் விரிப்பு போட்டு, அடிவாரத்தில் தடுப்புச்சுவர் கட்டினார்கள்.

ஆனால் ஒரு இடத்தில், ஆய்வுக்கு முந்தின நாள், சரிவு முழுக்கக் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஒரு கன்று சாய்ந்திருந்ததை நிமிர்த்தலாம் என்று பிடித்தேன். கையோடு வந்துவிட்டது, கறுப்பு நர்சரிப் பையோடு. பக்கத்தில் ஒன்றை இழுத்தேன். அதுவும் பையோடு. குழியில் பையை இறக்கிச் சுற்றிச் செம்மண்ணைத் தட்டிவைத்திருந்தார்கள். கூட வந்த மேஸ்திரி, "வேரு அதுவா கிழிச்சிக்கிட்டு போயிடும் சார்" என்றார். நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் அது இருந்தது. இறுதி அறிக்கையில் இருந்ததா என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஜிகணி

எங்கள் பக்கத்துப் பழைய கிரானைட் குவாரிக்கு ரோட்டுப் பக்கம் மட்டும் வேலி. மற்ற மூன்று பக்கமும் திறந்தவெளி. ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் குளிக்கிறார்கள். வேலியில் துணி காய்கிறது.

ஓய்வுபெற்ற சிவில்

சண்டூர் நண்பரே, "மாநிலத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை" என்றால் ஜிகணி குவாரி யார் கணக்கு? நீங்களே சொன்ன 15-ஆவது பிரிவின்படி மாநிலம்தானே? சிறுகனிமம் என்றால் குழியும் சிறிதாகவா இருக்கிறது? பெங்களூருக்கு வடக்கே மிட்டகானஹள்ளி, பெல்லஹள்ளி பக்கம் போய்ப் பாருங்கள். பழைய குவாரிகளில் நகரத்துக் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். குழியை நிரப்பியாயிற்று என்று யாராவது இதையும் சீரமைப்புக் கணக்கில் எழுதுவார்களோ என்னவோ. குவாரிப் பள்ளத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று நான் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன், அதை இங்கே போடுகிறேன்.

சண்டூர் போய்வந்தவன்

சார், தங்கவயலைப் பற்றித்தான் சொன்னேன். குவாரியில் முழுப் பொறுப்பும் மாநிலத்துக்குத்தான், மறுக்கவில்லை. 2012 வரை ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் சுற்றுச்சூழல் அனுமதியே இல்லாமல் ஓடின. ஒரே மலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் குத்தகை எடுத்தார்கள். அதை நிறுத்தியதும் நீதிமன்றம்தான். கட்டுரையைத் தனியாகப் போடுங்கள், இங்கே அனுபவம் மட்டும்.

மாரிகுப்பம் பெண்

2001, 2003 கணக்கு எனக்கும் தெரியும் அண்ணா. அந்த இரண்டு வருஷ இடைவெளியில்தான் நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம்.

சர்ஜாபூர்க்காரன்

கொசுறு செய்தி: பக்கத்து மனைக்காரரின் போர் இந்த மார்ச்சில் வறண்டுவிட்டது. எங்களிடமே டேங்கர்காரர் நம்பர் கேட்டார், கொடுத்தேன். அந்தத் துளைக்கு மேல் இப்போது ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ரிக் அண்ணா, அதை முறையாக மூட என்ன ஆகும்? அசோசியேஷனில் பேசி பாதிச் செலவை நாங்களே ஏற்கலாம் என்று பார்க்கிறோம்.

திருச்செங்கோட்டு ரிக்

ஆறரை இஞ்ச் போர், 1,200 அடி என்று வைத்தால் மூன்று யூனிட்டுக்கு (யூனிட் என்றால் 100 கன அடி) கொஞ்சம் குறைவாக மண்ணும் ஜல்லியும் பிடிக்கும் சார். கட்டட இடிபாடு போடாதீங்க. பெரிய கல் நடுவழியில் சிக்கிக்கொண்டு கீழே காலியாகவே நிற்கும், மேலே நிரம்பின மாதிரி தெரியும். சின்ன ஜல்லி, அப்புறம் மணல், மேலே களிமண். ஒரே மூச்சில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உள்ளே மோட்டார் இறக்கியிருந்தால் முதலில் அதை வெளியே எடுக்கணும். கேசிங்கை மட்டும் உருவ விடாதீங்க. எத்தனை அடி, எத்தனை இஞ்ச் என்று பார்த்துச் சொல்லுங்க, டிராக்டர்காரர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.