மாவட்ட அரசு மருத்துவமனைகளில் திருநம்பிகளுக்கு ஹார்மோன் ஊசி: விவரம் தேவை

வணக்கம் தோழர்களே. சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை தவிர, திருநம்பிகளுக்கு (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்களுக்கு) ஹார்மோன் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளின் விவரம் திரட்டுகிறோம். 2019 திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 15ஆவது பிரிவு இதை அரசின் பொறுப்பாக்குகிறது. ஆனால் ஓபி சீட்டு போடும் இடத்திலேயே சிக்கல்: ஆதாரில் 'பெண்' என்றிருந்தால் நேரே மகப்பேறு பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போக வேண்டியது மனநலப் பிரிவுக்கும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்கும்.

முக்கியமாகக் கேட்பது டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி பற்றி. 250 மி.கி. ஆம்பூல், பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. "ஸ்டாக் இல்லை" என்று வெளியே எழுதிக் கொடுத்தால், காசில்லாத பையன் தள்ளிப்போடுவான். நின்ற மாதவிடாய் திரும்ப வரும். அந்த வேதனை சொல்லி மாளாது.

ரத்தப் பரிசோதனையும் அங்கேயே செய்கிறார்களா? முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை அவசியம். ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து உண்டு. மருத்துவர்தான் அளவைக் குறைக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளே ரத்தம் கொடுத்தால் ஹார்மோன் அளவு தாறுமாறாக ஏறித் தெரியும்.

எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, ஊசி உள்ளேயே கிடைக்கிறதா, மார்பு அறுவை சிகிச்சைக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் பெயர் பதிகிறார்களா என்று எழுதுங்கள். சிகிச்சை எடுப்பவர் பெயர் வேண்டாம்.