17ஆம் நூற்றாண்டுக் கல்வீடு: வாங்கலாமா?

புதுவரவு:
இங்கிலாந்தில் வில்ட்ஷயர் கிராமம் ஒன்றில் கல்வீடு பார்த்திருக்கிறோம். கிரேடு 2 லிஸ்டட், அதாவது அரசின் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடப் பட்டியலில் உள்ளது. முதலில் லேகாக் என்ற கிராமத்தில்தான் தேடினோம். அங்கே பெரும்பாலான வீடுகள் 1944 முதல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில், வாடகைக்குத்தான் கிடைக்கும் என்று போன பிறகுதான் தெரிந்தது. இந்த வீடு மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்தான் உறுத்துகிறது. வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

ஈரச்சுவர்:
அதை எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சை மாற்றிவிடுவார். கவுன்சில் அனுமதி வாங்காமல் லிஸ்டட் வீட்டின் தன்மையைக் கெடுத்தால் 1990 சட்டப்படி அது குற்றம். இரண்டு வருடம் வரை சிறைகூட உண்டு. என் அனுபவம்: சுவரெல்லாம் ஈரம், குளிர்காலம் முழுக்க இருமல். நான்கு வருடத்தில் விற்றுவிட்டு வந்தேன்.

கல்வீடு:
சிறை என்று எடுத்த எடுப்பில் பயமுறுத்தாதீர்கள். ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறேன். சன்னலைத் தொடாமல், கவுன்சில் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி போட்டேன். குளிர் பாதியாகக் குறைந்தது. அப்புறம் உங்கள் சுவரில் சிமெண்ட் பூசியிருந்ததா?

ஈரச்சுவர்:
ஆமாம், முன்பு இருந்தவர் பூசியது.

கல்வீடு:
அதுதானே பார்த்தேன். பழைய கல்சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். செட்டிநாட்டு வீட்டுக் கொத்தனாரைக் கேட்டால் இதையேதான் சொல்வார். சிமெண்டை உடைத்துச் சுண்ணாம்பு பூசியதும் என் வீடு காய்ந்துவிட்டது. நீங்கள் வீட்டைத் திட்டுகிறீர்கள், தப்பு செய்தது கொத்தனார்.

ஈரச்சுவர்:
சரி, கூலி யார் தருவது? அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த வாட் விலக்கையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது 20 சதவீதம் கட்ட வேண்டும். தேவாலயக் கதையை வேறு மறந்துவிட்டீர்கள். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேண்ட்லோ என்ற ஊரில் ஒரு தம்பதியிடம் அவர்கள் நிலத்தோடு ஒட்டிவந்த பழைய கடமையைக் காட்டி, தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கச் சுமார் 95,000 பவுண்டு கேட்டார்கள். 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள்.

கல்வீடு:
அதற்குத்தான் சொத்து வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல், சொலிசிட்டர் இருக்கிறார். நிலத்தில் அப்படிக் கடமை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் சின்னத் தொகைக்கு ஒரு காப்பீடு. அந்த ஒரு வழக்கைச் சொல்லியே எத்தனை பேரைத் துரத்துவீர்கள்?

புதுவரவு:
நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சமையலறைச் சன்னல் பிளாஸ்டிக்! அனுமதிக் கடிதம் இல்லையாம்.

ஈரச்சுவர்:
ஓடிவிடுங்கள். போட்டது யாராக இருந்தாலும் ‘எடு’ என்று நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். காலக்கெடுவும் கிடையாது.

கல்வீடு:
விற்பவரே மரச்சன்னலாக மாற்றித் தரட்டும், அல்லது விலையில் குறையுங்கள். இதற்கும் காப்பீடு உண்டு. ஒன்று மட்டும் கவனம்: நீங்களாகக் கவுன்சிலுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போனால் காப்பீட்டுக்காரர் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்.

புதுவரவு:
காலையிலேயே போட்டுவிட்டேனே ஐயா. வீட்டு எண்ணும் சொல்லிவிட்டேன்.