புதுப்பிப்பு: நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறிய இன்ஜின்

ஊருக்குள் சரியாக ஓடும் கார், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் சூடேறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: ரேடியேட்டர் உள்ளடைப்பு, அதாவது கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆறவைக்கும் ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருந்தன.

பலர் ஃபேனைச் சந்தேகித்தீர்கள். ஃபேன் பழுதென்றால் நெரிசலில்தான் சூடேறும். வேகத்தில் எதிர்க்காற்றே போதும். சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டதில், அதில் பொறித்திருந்த 88 டிகிரியை ஒட்டியே திறந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், பம்ப் கூலன்ட்டை உறிஞ்சும் பக்கம். ஆர்பிஎம் (இன்ஜின் சுழல்வேகம்) ஏற்றும்போது சப்பையானால் அதுவும் காரணமாகலாம். இதில் ஆகவில்லை.

இன்ஜின் நன்கு சூடானதும் அணைத்து, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டர் முகப்பை அளந்தபோது நடுவே குளிர்ந்த பட்டைகள். அங்கே கூலன்ட் ஓடவே இல்லை. (அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலலாம், கை பத்திரம்.)

புது ரேடியேட்டர், பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும், ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்துக் கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று வெளியேற்றம். இப்போது நீண்ட ஏற்றத்திலும் வெப்பநிலை முள் நடுவிலேயே நிற்கிறது.