கோத்தகிரி: புது ஷீட் கூரை நாலு இடத்தில் ஒழுகுது, கான்ட்ராக்டர் இன்னும் 35 ஆயிரம் கேட்கிறார்

வாடைக்காத்து_வீடு

பழைய மங்களூர் ஓட்டைப் பிரித்துவிட்டு கலர் கோட்டட் ஷீட் போட்ட வீடு. இடம் கோத்தகிரி. முகடு வடக்கு தெற்காக 35 அடி நீளம். கிழக்கிலும் மேற்கிலும் 15 அடி சரிவு. மொத்தம் 1,050 சதுர அடி. ஷீட் எல்லாம் முகட்டிலிருந்து ஓரம் வரை ஒரே நீளம், நடுவில் ஒட்டு இல்லை.

சதுர அடிக்கு 260 பேசி மொத்தம் 2,73,000. ஷீட், ட்யூப் (ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்), ஸ்க்ரூ, ரிட்ஜ் (முகட்டை மூடும் தகடு), கூலி எல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு. அக்ரிமென்ட் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கொட்டேஷன் படம்தான் இருக்கிறது. அதில் "0.50 ஷீட், 10 வருஷ கேரண்டி" என்று எழுதியிருக்கிறார். கொடுத்தது 2,40,000. அதில் 1,90,000 ஜிபே, 50,000 ரொக்கம். பில் தரவில்லை, கேட்டால் "பில்லுன்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா ஆகும்" என்கிறார்.

செப்டம்பரில் வேலை முடிந்தது, ஐப்பசி மழையில் ஒழுக ஆரம்பித்தது. ஹாலில் முகட்டுக்கு நேர் கீழே ஒரு இடம். பழைய புகைபோக்கிச் சுவரை ஒட்டி ஒரு இடம். கிழக்குச் சரிவில் இரண்டு ஷீட் சேருமிடத்தில் ஒன்று. நாலாவது சமையலறை. அங்கே மட்டும் மழையே இல்லாத நாளிலும் விடிகாலையில் சொட்டுகிறது.

மூன்று தடவை ஆள் அனுப்பினார். மூன்று தடவையும் சிலிக்கான் டியூபைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இப்போது "மேல வாட்டர்ப்ரூஃப் கோட் அடிச்சாத்தான் நிக்கும், 35 ஆயிரம் ஆகும், மலைக் கூரைன்னா அப்படித்தான்" என்கிறார். பாக்கி 33,000-உம் உடனே வேண்டுமாம்.

கோட் அடித்தால் நிற்குமா, பிரித்துத்தான் போட வேண்டுமா? பாக்கியை நிறுத்தி வைக்கலாமா?

---

தகரமேஸ்திரி

கோட் அடிக்க விடாதீங்க. அந்தக் கோட் பிடிக்க தகரம் காய்ஞ்சு இருக்கணும், குளிர் 10 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, அடிச்ச பிறகு ரெண்டு நாள் வெயில் வேணும். கார்த்திகை, மார்கழியில கோத்தகிரில இதுல எது கிடைக்கும்? அப்படியே பிடிச்சாலும் ஷீட் சும்மா இருக்காது. 15 அடி ஷீட், ராத்திரிக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தா 2 மில்லிமீட்டருக்கு மேல நீண்டு சுருங்கும். ஜாயின்ட் மேல அடிச்ச கோட் அந்த இடத்துலயே கீறிடும்.

நீங்க சொல்ற நாலும் ஒரே ஒழுகல் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற.

முகடு: ரிட்ஜ் தகட்டுக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க. ஷீட்டோட மேல் முனையில பள்ளமா இருக்கிற பாகத்தை மேல் நோக்கி மடக்கி விட்டிருக்கணும். இங்க நேரா ஊத்துற மழை கம்மி. காத்தோட சேர்ந்து சாரல் சரிவுல மேல் நோக்கி ஏறும். மடக்கு இல்லேன்னா அந்தத் தண்ணி பள்ளம் வழியா முகட்டைத் தாண்டி உள்ள விழும். மேடு பள்ளத்துக்கு ஏத்த ஃபோம் அடைப்பும் வேணும். ரிட்ஜ் தகடு ஒவ்வொரு பக்கமும் ஷீட் மேல குறைஞ்சது 150 மி.மீ. படுக்கணும். ரெண்டு ரிட்ஜ் துண்டு சேருற இடத்துல 150 மி.மீ. ஏறி, நடுவுல பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டுற பட்டை) இருக்கணும். சரி பண்ண முழுக் கூரையையும் பிரிக்க வேண்டாம். ரிட்ஜை மட்டும் கழட்டி, மடக்கி, ஃபோம் வெச்சு மாட்டணும். 35 அடிக்கு ரெண்டு ஆள் ஒரு நாள் வேலை.

புகைபோக்கி: சிமென்ட் பூசி விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். அசையாத சுவரையும் அசையுற தகரத்தையும் சிமென்ட் சேர்த்துப் பிடிக்காது, முதல் வெயில்லயே முடி மாதிரி விரிசல் விடும். சுவர்ல 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, ஃப்ளாஷிங் தகட்டோட (சுவரும் ஷீட்டும் சேருற இடுக்கை மூடுற தகடு) மேல் விளிம்பை அதுக்குள்ள சொருகி, பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடணும். தகடு சுவர்ல 150 மி.மீ. ஏறி நிக்கணும். கீழ் விளிம்பு ஷீட் மேல சும்மா படுக்கணும், சுவரோட சேர்த்து இறுக்கக் கூடாது. புகைபோக்கிக்கு முகட்டுப் பக்கம் தண்ணி தேங்குற மூலை ஒண்ணு இருக்கும். அங்க தண்ணியை ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுற மாதிரி ஒரு சின்னக் கூம்புத் தகடு வைக்கணும். நூத்துக்குத் தொண்ணூறு வேலையில இதை விட்டுடுவாங்க.

கிழக்குச் சரிவு ஜாயின்ட்: ஷீட் போட எந்த முனையில ஆரம்பிச்சாங்க? கோத்தகிரிக்குப் பெரு மழை வடகிழக்குலேர்ந்து வரும், தொட்டபெட்டா மறைக்கிறதால தென்மேற்கு மழை இங்க அவ்வளவு இல்ல. அதனால தெற்கு முனையில ஆரம்பிச்சு வடக்கே போகணும். அப்பத்தான் மேல ஏறுற ஷீட்டோட திறந்த விளிம்பு தெற்கே பார்க்கும், வாடைக்காத்து அதுக்குள்ள தண்ணியைத் தள்ளாது. இதே வீடு கூடலூர், நடுவட்டம் பக்கம் இருந்தா முறை தலைகீழ். சமவெளியிலேர்ந்து வர்ற ஆளுங்க லாரி நிக்கிற பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க. வடக்கே ஆரம்பிச்சிருந்தா மாத்திப் போடுறது பெரிய வேலை, ஆனா காப்பாத்தலாம். ஜாயின்ட் ஸ்க்ரூவைக் கழட்டி, மேல் ஷீட்டைக் கொஞ்சம் தூக்கி, நீளம் பூரா பியூட்டைல் டேப் ஒட்டி, 450 மி.மீ.க்கு ஒண்ணா தையல் ஸ்க்ரூ (ரெண்டு ஷீட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது) அடிச்சா போதும்.

ஒரு சோதனை பண்ணுங்க. மழையில்லாத நாள் பார்த்து ஓஸ் பைப்பைக் கீழ் ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு இடத்துலயும் 15 நிமிஷம் தண்ணி ஓடட்டும், உள்ள ஒரு ஆள் டார்ச்சோட நிக்கட்டும், அப்புறம் கொஞ்சம் மேல ஏறுங்க. மேலேர்ந்து ஆரம்பிச்சா எங்கே புகுந்துச்சுன்னு தெரியாது. பாசி பிடிச்ச ஷீட்ல ஈரத்தோட யாரையும் ஏத்தாதீங்க, ஏணியிலேர்ந்தே பண்ணுங்க.

---

கேத்திப்பள்ளம்

சமையலறையில சொட்டுறது மழைத் தண்ணியே இல்லைங்க. அது தகரம் வேர்க்கிறது.

மேகம் இல்லாத ராத்திரியில தகரம் வெளிக்காத்தை விடவும் அதிகமா குளிரும். சோறு வடிச்ச ஆவி, கீஸர் ஆவி, மூச்சுக்காத்து எல்லாம் மேல போய் அடிப்பக்கத்துல முத்து முத்தாப் பிடிக்கும். விடிகாலையில அது சேர்ந்து ட்யூப் வரைக்கும் வழிஞ்சு ஒரே இடத்துல சொட்டும். ஓட்டுக் கூரையில இந்தப் பிரச்சினை இருந்திருக்காது. ஓடு ஈரத்தைக் குடிக்கும், இடுக்கு வழியா காத்தும் போகும்.

உறுதி பண்ண சுலபமான வழி இருக்கு. காலையில ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, சொட்டுற இடத்தை விட்டு நாலு அடி தள்ளி ஷீட்டோட அடிப்பக்கத்தைக் கையால தடவிப் பாருங்க. அங்கேயும் ஈரமா இருந்தா வேர்வை. ஒழுகல்னா ஒரு கோடு மட்டும்தான் நனைஞ்சிருக்கும்.

இதுக்கு மேல எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காது. ஷீட் போடும்போதே ட்யூபுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 10 மி.மீ. ஃபாயில் ஒட்டின எக்ஸ்எல்பிஇ ஃபோம் (வெப்பம் தடுக்கிற பிளாஸ்டிக் ஃபோம்) விரிச்சிருக்கணும். இப்போ பிரிக்காம பண்ணணும்னா அடியிலேர்ந்து அதே ஃபோமை ட்யூபுக்கு ட்யூப் இழுத்து, ஜாயின்ட்டுக்கு ஃபாயில் டேப் ஒட்டுங்க. இடுக்கு விட்டா ஆவி அது வழியாப் போய் ஃபோமுக்கு மேல வேர்க்கும். அடுப்புக்கு மேல வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேணும். அவசரப்பட்டு ஃபால்ஸ் சீலிங் மட்டும் அடிச்சுடாதீங்க. தண்ணி அதுக்கு மேல தேங்கும், ஆறு மாசத்துல பலகை ஊதி கருப்புப் பூஞ்சை வரும்.

கொட்டேஷன்ல ஃபோம் எழுதலைன்னா இந்த ஒரு இடத்துக்கு மட்டும் அவரைக் குத்தம் சொல்றது கஷ்டம். மத்த மூணும் அவர் தலையிலதான்.

---

மேட்டுப்பாளையம்_இரும்பு

ஷீட்டோட அடிப்பக்கம் பார்த்தீங்களாங்க? நல்ல கம்பெனி ஷீட்டுன்னா பேரும் கனமும் வரிசையா அச்சடிச்சிருக்கும். அச்சே இல்லீன்னா ஓரத்துல நீட்டிட்டு இருக்கிற இடத்துல ஸ்க்ரூ கேஜ் (கனம் அளக்கிற கருவி) வெச்சு மூணு நாலு இடம் அளங்க. 0.50 மி.மீ.-ங்கிறது பூச்சு எல்லாம் சேர்ந்த கனமா, வெறும் இரும்போட கனமான்னு கொட்டேஷன்ல எழுதாம விடுறது பழைய வித்தைங்க. 0.50 பூச்சோட சேர்த்துன்னா இரும்பு 0.45 வாக்குல இருக்கும், அது சரிதான். 0.40 போட்டிருந்தா அது வேற கதை. ஒரு மீட்டர் அகலம் மூட, மேடு பள்ளமா மடிக்கிறதுக்கு முந்தி 1,220 மி.மீ. அகலத் தகட்டுச் சுருள் வேணும்ங்கிற கணக்குல, 0.10 குறைஞ்சா உங்க கூரைக்கு மட்டும் சுமார் 90 கிலோ இரும்பு குறையும்.

அடுத்தது ஸ்க்ரூ. உங்க கூரைக்கு 22 ஷீட் ஆகுங்க. ஓரத்துலயும் முகட்டுலயும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒண்ணு, நடு ட்யூபுகள்ல ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு வெச்சாலே 400-க்குக் குறையாது. தையல் ஸ்க்ரூ தனி. ஒரு சரிவுல மட்டும் எண்ணிப் பாருங்க. மேட்டுல அடிச்சிருக்கா, பள்ளத்துல அடிச்சிருக்கான்னும் பாருங்க. பள்ளத்துல அடிச்சா நீளம் கம்மியான ஸ்க்ரூ போதும், காசு மிச்சம். ஆனா தண்ணி ஓடுற வழியிலயே ஓட்டை. ரப்பர் வாஷர் தொப்பிக்கு வெளிய லேசா எட்டிப் பார்க்கிற அளவு இறுக்கணும். பிதுங்கி வெடிச்சிருந்தா ஒரு வெயில் காலத்துல உதிர்ந்து போகும்.

அப்புறம் அந்த சிலிக்கான். போடும்போது வினிகர் வாடை அடிச்சுதா? அடிச்சிருந்தா அது பாத்ரூம் கண்ணாடிக்குப் போடுறது. அதுல வர்ற அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்னுடும், ஒழுகலை நிறுத்த வந்தது துருவை ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போகும். சுரண்டி எடுத்துட்டு நியூட்ரல் சிலிக்கானோ பியூவோ போடச் சொல்லுங்க. ஷீட்டை கிரைண்டர்ல வெட்டியிருந்தா வெட்டு விளிம்புல பூச்சு கருகியிருக்கும். மேல பறந்த இரும்புத்தூளை அன்னிக்கே கூட்டி எடுக்கலீன்னா பொட்டு பொட்டாத் துரு தெரியும். அதையும் ஃபோட்டோ எடுத்து வெய்ங்க.

"10 வருஷ கேரண்டி" கம்பெனி தர்றது பெயின்ட்டுக்கும் பூச்சுக்கும். ஒழுகலுக்கு இல்லீங்க. அதுவும் பில் உங்க பேர்ல இருந்தாத்தான்.

---

ஊட்டி_குமாஸ்தா

பாக்கி 33,000-ஐ நிறுத்தி வைக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். போனை எடுக்காமல் இருந்தால் "காசு தராமல் ஏமாற்றுகிறார்" என்று அவர் பேச வழி கிடைக்கும்.

சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக, "மொத்தம் 2,73,000-ல் ரொக்கம் 50,000 சேர்த்து இதுவரை 2,40,000 கொடுத்திருக்கிறேன், பாக்கி 33,000, சரிதானே?" என்று கேளுங்கள். அவர் "ஆமா சார், அதை எப்ப தர்றீங்க" என்று பதில் போட்டால் ரொக்கத்துக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. பிறகு அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, பிரிவு 63-இன்படி சான்று இணைக்க வேண்டும்.

அடுத்து ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து அறிக்கை வாங்குங்கள். குறை என்ன, எந்த இடம், சரி செய்ய எவ்வளவு ஆகும், கையெழுத்து, தேதி. மேலே தகரமேஸ்திரி சொன்னதை அவர் அளந்து எழுதினால் போதும். அதற்கு முன்னால் வேறு ஆளை வைத்து எதையும் பிரிக்க வேண்டாம்.

அறிக்கையை இணைத்து 15 நாள் கெடுவுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்குள் வீடு கட்டுமானமும் வருகிறது. அவர் கோயம்புத்தூர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதை நீங்கள் கொடுத்த தொகைதான் தீர்மானிக்கும், கேட்கும் நஷ்டஈடு இல்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்வதும் நல்லது, சில பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

போலீசுக்குப் போய் அலைய வேண்டாம், "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

---

வாடைக்காத்து_வீடு

எல்லாருக்கும் நன்றி. இன்று பார்த்தவை: சமையலறையில் நாலு அடி தள்ளியும் அடிப்பக்கம் முழுக்க ஈரம், அது வேர்வையேதான். ரிட்ஜுக்குக் கீழே மடக்கு இல்லை, ஃபோமும் இல்லை. ரோடு வடக்குப் பக்கம், ஷீட்டும் வடக்கிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்கள். கிழக்குச் சரிவில் ஸ்க்ரூ 131. அடிப்பக்கம் அச்சு எதுவும் இல்லை. மூன்று இடத்தில் அளந்ததில் 0.41, 0.40, 0.41.

ரொக்கம் பற்றிய மெசேஜுக்கு "ஆமாங்க, பாக்கி எப்போ" என்று பதில் வந்துவிட்டது.

---

தகரமேஸ்திரி

ஒரு சரிவுக்கு 200 வேண்டிய இடத்துல 131. ஒழுகல் இருக்கட்டும், முதல்ல ஓர வரிசையிலயும் வடக்கு முனையிலயும் விட்டுப்போன மேட்டுக்கெல்லாம் ஸ்க்ரூ அடிக்கணும். புயல் காத்து முதல்ல மூலையிலதான் ஷீட்டைத் தூக்கும். இன்ஜினியர் வந்து எண்ணி எழுதுற வரைக்கும் மட்டும் பொறுங்க, இந்த வாரமே வரச் சொல்லுங்க. அளக்கும்போது ஸ்க்ரூ கேஜ் அளவு தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுங்க, பக்கத்துல அன்னிக்குப் பேப்பரை வெச்சு.